வீட்டு ஒலிப்பதிவில் தாளம் பிசகுவது ஏன்?

ஏவி.எம்., பிரசாத் போன்ற ஒலிப்பதிவுக் கூடங்களில் ஒரு காலத்தில் பாடகர், வயலின் குழு, தபலா, கிட்டார் என எல்லாரும் சேர்ந்து ஒரே டேக்கில் வாசித்துத்தான் திரைப்பாடல்கள் பதிவாயின. கையசைத்து நடத்த ஒருவர் இருந்தார். வீட்டில் லேப்டாப்பும் மைக்குமாகத் தொடங்குபவருக்கு அந்தத் துணை கிடையாது. முதலில் கிட்டார், பிறகு கீபோர்டு, அதன்மேல் குரல் என்று தனித்தனியாகப் பதிவு செய்கிறோம். முதல் ட்ராக்கில் தாளம் ஓடியிருந்தால், பின்னால் வருவதெல்லாம் அந்தப் பிசகைத் துரத்திக்கொண்டே போகும். பாட்டு ஏதோ ஒட்டவில்லை என்று கேட்பவருக்குத் தோன்றும். உடனே மைக்கைக் குறை சொல்லி, விலை கூடிய மைக் தேடுகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் குறை லயத்தில்தான். அதைச் சரிசெய்யக் காசு வேண்டாம்.

முதலில் கருவியின் தாமதத்தைக் களையுங்கள். மென்பொருளில் பஃபர் 1024 என்றும் மாதிரி வேகம் 44,100 என்றும் இருந்தால், ஒலி ஒரு திசையில் கடக்கவே சுமார் 23 மில்லி விநாடி ஆகும். உள்ளே போய் வெளியே வர ஏறக்குறைய இருமடங்கு. 128 என்று குறைத்தால் ஒரு திசைக்கு 3 மில்லி விநாடிதான். புளூடூத் ஹெட்ஃபோனில் தாமதம் இன்னும் அதிகம் என்பதால் வயர் உள்ளதையே பயன்படுத்துங்கள். ஹெட்ஃபோனை மைக்கின் அருகே வைத்து, அதில் கேட்கும் மெட்ரோனோம் கிளிக்கையே பதிவு செய்து பாருங்கள். பதிவான கிளிக் மூலக் கிளிக்குக்குப் பின்னால் விழுந்தால், அந்த இடைவெளி உங்கள் கையின் தவறன்று. ஆடாசிட்டி போன்ற மென்பொருள்களில் அதை ஈடுகட்ட லேட்டன்சி காம்பன்சேஷன் என்ற அமைப்பு இருக்கிறது.

இனி நம் பக்கம். கிளிக் விழும் இடத்தைக் குறிவைத்து அடிப்பதுதான் தாளம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தாளம் பிசகுவது இரண்டு கிளிக்குகளுக்கு நடுவில். நிமிடத்துக்கு 80 என்ற வேகத்தில் ஒரு எண்ணிக்கைக்கும் அடுத்ததற்கும் இடையே 750 மில்லி விநாடி. அந்த வெற்றிடத்தை மனம் அளக்காவிட்டால், கை அவசரப்பட்டு முன்னால் ஓடும். இதற்கு நம்மிடம் பழைய, அருமையான வழி உண்டு: சொல்கட்டு. ஒவ்வொரு கிளிக்குக்கும் 'தகதிமி' என்று வாயால் சொல்லுங்கள். அடுத்து அதே கிளிக்கில் 'தகிட'. நாலையும் மூன்றையும் தடுமாறாமல் மாற்றிச் சொல்ல வந்தபிறகு வாத்தியத்தை எடுங்கள். சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடிப் பழகியவர்களுக்கு நாலாகப் பிரிப்பது ஏற்கெனவே கைவந்த வேலை. மெதுவான வேகத்தில் பழகுவதுதான் கடினம், அதில்தான் பலனும் அதிகம். 50-ல் நிதானமாக நிற்பவரால் 100-ல் தாராளமாக வாசிக்க முடியும்.

அது பழகியதும் கிளிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்துக்கொள்ளுங்கள். 80-ல் வாசிக்கும் பாட்டுக்கு மெட்ரோனோமை 40-ல் வைத்து, அந்தக் கிளிக்கை இரண்டாவது, நான்காவது எண்ணிக்கைகளாகக் கேளுங்கள். பிறகு கிளிக் ட்ராக்கில் நடுநடுவே இரண்டு ஆவர்த்தனங்களை அழித்துவிடுங்கள். அமைதி முடிந்து கிளிக் திரும்பும்போது நீங்களும் அங்கே இருக்கிறீர்களா? இதைவிட நேர்மையான பரீட்சை எனக்குத் தெரிந்து இல்லை.

ஒலிப்பதிவு நமக்குத் தரும் பெரிய வரம், திரும்பக் கேட்பது. ஒரு நிமிடம் பதிவு செய்து, மறுநாள் கிளிக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: எண்ணிக்கையைக் காட்டும் கோட்டுக்கு முன்னால் அடி விழுந்தால் ஓடுகிறது, பின்னால் விழுந்தால் இழுக்கிறது. அங்கொன்று இங்கொன்று பிசகுவதைப் பொருட்படுத்தாதீர்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிசகினால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நீண்ட கார்வையை முழுதாகப் பிடிக்காமல் அடுத்த சொல்லுக்குத் தாவுவது பாடுபவர்களிடம் மிகச் சாதாரணம். பாடகர்களுக்கு இன்னொன்று: 'ஸ்ரீ' என்று தொடங்கும்போது 'ஈ' ஒலி எண்ணிக்கையில் விழ வேண்டும், 'ஸ்' அதற்கு முன்பே வந்துவிட வேண்டும். 'ஸ்'ஸை எண்ணிக்கையில் வைத்தால் குரல் எப்போதும் தாமதமாகவே கேட்கும்.

பிசகிய அடிகளைத் தானாகவே எண்ணிக்கையில் பொருத்தும் குவான்டைஸ் பொத்தானை இப்போதைக்குத் தொடாதீர்கள். அது பதிவைத் திருத்தும், உங்கள் காதைத் திருத்தாது. பிசகிய ட்ராக்கை அழித்துவிட்டு இன்னொரு முறை வாசியுங்கள். அடுத்த மைக் வாங்குவதற்கு முன், ஒரே ஒரு பாட்டையாவது திருத்தம் இல்லாமல் முதலிலிருந்து கடைசி வரை கிளிக்கோடு பதிவு செய்து முடியுங்கள்.