சத்தம் போடாத குட்டி ஆபீஸ் கம்ப்யூட்டர்... ரிச்சி ஸ்ட்ரீட் கிளம்பும் முன் போட வேண்டிய கணக்கு!

மாதம் 20-ம் தேதி வந்தால் வரி ஆலோசகர்கள் வீட்டில் யாரும் சீக்கிரம் தூங்குவதில்லை. ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கல் செய்வதற்குப் பெரும்பாலானவர்களுக்கு அதுதான் கடைசி நாள். மேற்கு மாம்பலத்தில் வீட்டின் முன் அறையையே அலுவலகமாக வைத்திருக்கும் அந்தப் பெண் ஆலோசகருக்கு அன்றைக்கு இரண்டு கவலைகள். ஒன்று, ஜி.எஸ்.டி போர்ட்டல். இன்னொன்று, மேஜைக்கு அடியில் இரைந்துகொண்டிருக்கும் கம்ப்யூட்டர்.

சுமார் பத்து வருடத்துக்கு முன் வாங்கிய டவர் அது. காலையில் ஆன் செய்தால் தெருவில் ஆட்டோ கிளம்புகிற மாதிரி ஒரு உறுமல். டாலியில் முழு வருட ரிப்போர்ட் ஒன்றைக் கேட்டால் சத்தம் இன்னும் ஒரு படி ஏறும். பக்கத்து அறையில் ப்ளஸ் டூவுக்குப் படிக்கிற மகள் எழுந்து வந்து கதவைச் சாத்துவாள். போனில் பேசும் கிளையன்ட், "மேடம், அங்க மழை பெய்யுதா?" என்று கேட்டதும் உண்டு.

சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டார். போன வருடம் ஒரு 20-ம் தேதி இரவு 10 மணிக்கு அது அப்படியே உறைந்து நின்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. கணவரின் லேப்டாப்பை எடுத்தார். ஆனால், தாக்கல் செய்ய வேண்டியது ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் ரிட்டர்ன். அதற்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேண்டும். டோக்கனின் டிரைவர், கையெழுத்து மென்பொருள் எல்லாவற்றையும் லேப்டாப்பில் புதிதாக ஏற்ற வேண்டும். ஏற்றி முடிப்பதற்குள் மணி 12-ஐத் தாண்டிவிட்டது. ஒரு நாள் தாமதத்துக்கு அபராதம் 50 ரூபாய்தான். ரொக்கமாகக் கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவிகிதம் என்ற கணக்கில் ஒரு நாள் வட்டி. அதுவும் பெரிய தொகையல்ல. ஆனால், எட்டு வருட கிளையன்டிடம் மறுநாள் காலை என்ன சொல்வது?

போதாக்குறைக்கு, விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டன. அவருடைய பழைய ப்ராசஸர், விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் அனுமதிக்கும் பட்டியலில் இல்லை. இன்டெல் என்றால் 8-வது தலைமுறையிலிருந்துதான் பட்டியல் தொடங்குகிறது. ஊரார் வரிக் கணக்கெல்லாம் இருக்கும் கம்ப்யூட்டரை அப்டேட் இல்லாமல் இணையத்தில் வைத்திருப்பது சரியில்லை. புதிதாக ஒன்று வாங்கியே ஆக வேண்டும். சின்னதாக, சத்தமில்லாமல், முக்கியமாக 20-ம் தேதி காலை வாராமல்!

(சத்தம் மட்டுமே பிரச்னை, விண்டோஸ் 11 ஏற்கெனவே ஓடுகிறது என்பவர்கள் புதுசு வாங்க அவசரப்பட வேண்டாம். கேபினட்டைத் திறந்து தூசியைச் சுத்தம் செய்து, ப்ராசஸர் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றி, பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி போட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும்.)

கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டில் அவர் ஏறிய முதல் கடையில் கேட்ட கேள்வி, "பட்ஜெட் எவ்வளவு மேடம்?" சொன்னதும் ஐ7 ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு, கண்ணாடிக் கதவு, வானவில் நிறத்தில் எரியும் ஆறு ஃபேன் என்று கோட்டேஷன் வந்தது. கேம் விளையாடும் கல்லூரிப் பையனுக்கு அது பிரமாதம். டாலி, எக்செல், முப்பது டேப் திறந்த பிரவுசர், இரண்டு மானிட்டர் என்று ஓடும் மேஜைக்கு அது வெறும் சூடும் சத்தமும்தான்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இந்த கம்ப்யூட்டர் எத்தனை வாட் சூட்டை வெளியேற்றப் போகிறது?' என்பதுதான். கம்ப்யூட்டர் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் வருகிறது. அந்தச் சூட்டை வெளியே தள்ளத்தான் ஃபேன். ஆக, சத்தத்தைக் குறைக்க நினைப்பவர் ஃபேனில் ஆரம்பிக்கக் கூடாது. சூட்டில் ஆரம்பிக்க வேண்டும்.

கணக்கு வேலைக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. அதை எடுத்துவிட்டாலே பெரிய சூடும் ஒன்றிரண்டு ஃபேனும் போய்விடும். ஆனால், ப்ராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்க வேண்டும். இன்டெல்லில் எண்ணின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அது இருக்காது. விலை கொஞ்சம் குறைவு என்று அதை வாங்கிவிட்டு, அப்புறம் படம் வரவில்லை என்று கார்டு வாங்க ஓடுபவர்கள் உண்டு.

அடுத்தது வாட் கணக்கில் ஒரு சூட்சுமம். ஐ5-12400 ப்ராசஸரை '65 வாட்' என்று சொல்லி விற்பார்கள். அது அடிப்படை அளவு. வேகம் பிடிக்கும்போது 117 வாட் வரை இழுக்க இன்டெல்லே அனுமதிக்கிறது. மதர்போர்டின் பயாஸ் செட்டிங்கில் போய் 65 வாட்டுக்கு மேல் போகாதே என்று கடிவாளம் போட முடியும். ஏ.எம்.டி ரைசனில் இதே மாதிரி 'எகோ மோட்' இருக்கிறது. வீடியோ எடிட் செய்பவருக்கு இதனால் நேரம் கூடலாம். ரிட்டர்ன் போடுபவருக்கு வித்தியாசமே தெரியாது. பைசா செலவில்லாமல் சத்தம் குறைக்கும் வழி இது. கடையில் யாரும் சொல்வதில்லை. கேட்டால் செய்து தருவார்கள்.

பெரிய ஃபேன், மெதுவான சுற்று

ஒரே ஃபேனின் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்று இரண்டு மடங்குதான் கூடும். சத்தமோ சுமார் 15 டெசிபல் ஏறும். 10 டெசிபல் ஏறினாலே காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப்படும். அதனால்தான் சின்ன ஃபேனை வேகமாகச் சுற்ற விடுவதைவிட, 120 மில்லிமீட்டர் ஃபேனை நிமிடத்துக்கு 700, 800 சுற்றில் சோம்பலாக ஓட விடுவது நல்லது. கூரை ஃபேன் ஓடுகிற அறையில் அது காதில் விழவே விழாது.

அங்கேதான் 'சின்னதாக வேண்டும்' என்ற ஆசையும் 'சத்தமில்லாமல் வேண்டும்' என்ற ஆசையும் முட்டிக்கொள்கின்றன. பெட்டி சுருங்கச் சுருங்க ஃபேனும் சுருங்கும். சுருங்கிய ஃபேன் கத்தும். உள்ளங்கையில் அடங்கும் மினி பி.சி-க்கள் சும்மா இருக்கும்போது சாது. வேலை கொடுத்தால் சிலது கீச்சிடும்.

நம் ஊருக்கு இன்னொரு கணக்கும் சேரும். ப்ராசஸரின் சூடு அறையின் சூட்டுக்கு மேல்தான் ஏறும். ஏ.சி அறையில் 25 டிகிரியில் 65 டிகிரி காட்டும் ப்ராசஸர், மே மாத மதியம் ஏ.சி இல்லாமல் அறை 38 டிகிரியில் இருந்தால், அதே வேலைக்கு அதே ஃபேன் வேகத்தில் 78 டிகிரியைத் தொடும். குளிர் நாட்டில் எடுத்த விமர்சன வீடியோவில் 'சத்தமே இல்லை' என்று சொன்ன பெட்டி, மேற்கு மாம்பலத்தில் சத்தம் போடுவதற்கு இதுவே காரணம். கூலரை ஒரு படி பெரிதாக எடுப்பதுதான் வழி. ப்ராசஸரோடு இலவசமாக வரும் கூலருக்குப் பதில், 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த டவர் கூலர். ஆனால், அது கிட்டத்தட்ட ஒரு சாண் உயரம் இருக்கும். கேபினட் எத்தனை மில்லிமீட்டர் உயர கூலரை ஏற்கும் என்று பார்க்காமல் வாங்கினால் கதவு மூடாது.

இதில் இன்னொரு நுணுக்கம்: சீராக வரும் மெல்லிய சத்தத்தைக் காது சீக்கிரம் மறந்துவிடும். ஏறி இறங்கும் சத்தத்தைத்தான் அது விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு எக்செல் ஃபைலைத் திறந்தால் ப்ராசஸர் இரண்டு விநாடி சூடாகும்; ஃபேன் உடனே 'விர்ர்' என்று எழும்பி அடங்கும். நாள் முழுக்க இது நூறு முறை நடந்தால் தலைவலிதான். பயாஸில் ஃபேன் செட்டிங்கைத் திறந்து, 60 டிகிரி வரை ஒரே வேகம், அதற்கு மேல் மெதுவாக ஏற்றம், வேகம் மாறுவதற்கு முன் சில விநாடி பொறுமை என்று வைத்துவிட்டால் இந்தத் தொல்லை போய்விடும். இதற்கு நான்கு பின் உள்ள ஃபேனாகக் கேட்டு வாங்குவது வசதி.

சின்ன போர்டா, கிடைக்கிற போர்டா?

ஆலோசகர் மனதில் வைத்திருந்தது மினி-ஐ.டி.எக்ஸ் போர்டு. வியா நிறுவனம் 2001-ல் கொண்டுவந்த அளவு அது. 17-க்கு 17 சென்டிமீட்டர். பார்க்க ஆசையாக இருக்கும். இரண்டாவது கடைக்காரர் நல்ல மனிதர். "போட்டுத் தர்றேன் மேடம். ஆனா ஆர்டர் பண்ணித்தான் வரவழைக்கணும். நாளைக்கு போர்டு போச்சுன்னா, மாத்திக் கொடுக்க என் கையில இருக்காது" என்று சொல்லிவிட்டார்.

அந்த இடத்தில்தான் அவர் முடிவு மாறியது. 24.4 சென்டிமீட்டர் சதுரமான மைக்ரோ-ஏ.டி.எக்ஸ் போர்டு எந்தக் கடையிலும் அலமாரியில் இருக்கும். விலையும் பொதுவாகக் குறைவு. 20-ம் தேதி மதியம் போர்டு செத்தால், சாயங்காலத்துக்குள் வேறொன்று மாட்டலாம். பெட்டி அவர் கனவு கண்ட அளவுக்குக் குட்டியாக இல்லை. ஆனால், பழைய டவரின் பாதி இடத்தில் அடங்கிவிட்டது. டவர் கூலரும் உள்ளே நின்றது.

இவ்வளவு யோசிக்க நேரமில்லை என்பவர்களுக்கு டெல், ஹெச்.பி, லெனோவா நிறுவனங்கள் அலுவலகங்களுக்கென்றே விற்கும் சுமார் ஒரு லிட்டர் கொள்ளளவுப் பெட்டிகள் இருக்கின்றன. வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் வாரன்ட்டியோடு வாங்கலாம். தனியாக அசெம்பிள் செய்வது மலிவு என்ற பழைய நம்பிக்கை இப்போது எப்போதும் உண்மையில்லை. அதுவும் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய வேகத்துக்கு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. அசெம்பிள் செய்வதில் கிடைக்கும் உண்மையான லாபம், எந்த பாகம் போனாலும் அதை மட்டும் எந்தக் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம் என்பதே. ஆலோசகர் 16 ஜி.பி ரேமை ஒரே ஸ்டிக்காக வாங்கி, இன்னொரு ஸ்லாட்டைக் காலியாக விட்டிருக்கிறார். வேகத்தில் கொஞ்சம் நஷ்டம்தான். விலை இறங்கும்போது இன்னொன்று போட்டுக்கொள்ளலாம் என்று கணக்கு.

பவர் சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். கேபினட்டோடு இலவசமாக வரும், தரச் சான்று இல்லாத பவர் சப்ளைதான் பல வீடுகளில் சத்தத்துக்கும் காரணம், திடீர் சாவுக்கும் காரணம். '80 பிளஸ்' சான்றுள்ள 450 வாட் போதும். இந்த மாதிரி கம்ப்யூட்டர் அசல் வேலையில் 100 வாட்டைத் தாண்டுவதே அபூர்வம் என்பதால், அதன் ஃபேன் பெரும்பாலும் ஓய்வில்தான் இருக்கும். ஒரே எச்சரிக்கை, நல்ல பவர் சப்ளைகளில் சிலவற்றுக்கும் மலிவான யு.பி.எஸ்ஸுக்கும் ஒத்துப்போவதில்லை. கரன்ட் போன நொடியில் கம்ப்யூட்டரும் அணைந்துவிடும். கடையிலேயே இரண்டையும் இணைத்து, பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது. ஆலோசகர் அதைச் செய்தார். கடைக்காரர் சிரித்தார், ஆனாலும் செய்து காட்டினார்.

பில் விஷயத்தில் அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி பதிவு உள்ளவர்கள் பதிவு எண்ணோடு பில் வாங்கினால், தொழிலுக்குப் பயன்படும் கம்ப்யூட்டருக்குக் கட்டிய 18 சதவிகித வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவிகிதத் தேய்மானமும் உண்டு. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரையும் எழுதி வாங்கிக்கொண்டார். வாரன்ட்டி கேட்கப் போகும்போது அதுதான் பேசும்.

அமைதியிலும் ஒரு ஆபத்து

பழைய ஹார்ட் டிஸ்க் சாவதற்கு முன் பல நேரம் 'டிக் டிக்' என்று தட்டிச் சொல்லிவிடும். பழைய ஃபேன் கரகரக்கும். சத்தம் என்பது ஒரு விதத்தில் எச்சரிக்கையும்கூட. எஸ்.எஸ்.டி அப்படியல்ல, நேற்று வரை நன்றாக ஓடியது, இன்று காலை ஒரு சொல்லும் சொல்லாமல் காணாமல் போகும். சத்தமில்லாத கம்ப்யூட்டர் வாங்குகிறவர் பேக்கப்பை இரண்டு மடங்கு கவனமாக வைத்திருக்க வேண்டும்.

ஆலோசகர் தினமும் மாலை டாலி பேக்கப்பை ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்து, அதைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுகிறார். செருகியே இருந்தால் வைரஸ் வந்தால் அதுவும் சேர்ந்து போகும். இன்னொரு பிரதி, பாஸ்வேர்டு போட்டு கிளவுடில். ஃபேன் நின்றுபோனால் எச்சரிக்கும் செட்டிங்கையும் பயாஸில் ஆன் செய்து வைத்திருக்கிறார். கணவரின் லேப்டாப்பில் டோக்கன் டிரைவரும் கையெழுத்து மென்பொருளும் இப்போது தயாராக இருக்கின்றன. மாதம் ஒரு முறை, 15-ம் தேதி வாக்கில், டோக்கனைச் செருகிச் சோதித்துவிடுகிறார்.

புதுப் பெட்டியை மேஜையில் மானிட்டருக்குப் பின்னால், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் டேபிளின் மூடிய அறைக்குள் திணித்தால் தான் விட்ட சூட்டையே அது திரும்ப இழுக்கும். அடியில் ரப்பர் பாதம் இருப்பதால் மேஜைப் பலகை அதிர்வதில்லை.

முதல் வாரம் முழுக்க, ஆன் ஆகியிருக்கிறதா என்று குனிந்து விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த மாதம் 20-ம் தேதி கடைசி ரிட்டர்ன் போனபோது மணி 9.40. பக்கத்து அறைக் கதவு திறந்தே இருந்தது. மகள் உள்ளிருந்தபடியே குரல் கொடுத்தாள்: "அம்மா, இந்தச் சுவர்க் கடிகாரம் ரொம்ப சத்தம் போடுது... மாத்தலாமா?"