குவாட் பைக் வாங்கும்போது மட்டும் "வளர்கிற பிள்ளை" என்று சொல்லாதீர்கள்

பள்ளிச் சீருடை வாங்கும்போது நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. "வளர்கிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிதாகவே எடுங்கள்" என்போம். காலணியும் அப்படித்தான். நுனியில் கொஞ்சம் பஞ்சு வைத்து இந்த ஆண்டை ஓட்டிவிடலாம். சிக்கனமாக வாழும் குடும்பத்துக்கு இது நல்ல பழக்கம்தான். ஆனால், பிள்ளைக்குக் குவாட் பைக் வாங்கப் போகும்போது இந்தப் பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

ஏடிவி என்று அழைக்கப்படும் இந்த நான்கு சக்கர வண்டி நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. பள்ளி விடுமுறையில் காட்டோர உல்லாசத் தலங்களில் பலரும் பார்த்திருப்பார்கள். நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்த பிறகு, "நானும் ரேஸ் ஓட்டணும்" என்ற பேச்சு சில வீடுகளில் சத்தமாகவே கேட்டிருக்கும்.

வெளிநாடுகளில், குறிப்பாக அமெரிக்காவிலும் பிரிட்டனிலும், மண் தடத்தில் சிறுவர்களுக்கென்றே குவாட் பைக் பந்தயங்கள் நடக்கின்றன. வயதையும் இயந்திரத்தின் சிசி அளவையும் வைத்துப் பிரிவு பிரிக்கிறார்கள். அந்த வழியில் உங்கள் பிள்ளையும் போக ஆசைப்பட்டால், முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வேகத்தைப் பற்றி அல்ல, அளவைப் பற்றி.

எடைக் கணக்கு

ஆறு வயதுப் பிள்ளையின் எடை சுமார் 20 கிலோ. அந்த வயதுக்கென்றே செய்யப்படும் 50 சிசி குவாட் பைக்கின் எடை 80 முதல் 100 கிலோ வரை. அதாவது, மிகச் சிறிய வண்டியே பிள்ளையைப் போல் நான்கைந்து மடங்கு. பெரியவர்களுக்கான பந்தய வண்டியோ 180 கிலோவைத் தாண்டும். அது கவிழ்ந்து மேலே விழுந்தால், அடியில் இருக்கும் பிள்ளையால் தள்ளிவிட முடியாது.

"நான்கு சக்கரம் இருக்கிறதே, எப்படிக் கவிழும்?" என்று கேட்கலாம். பெரும்பாலான சிறுவர் வண்டிகளிலும் பந்தய வண்டிகளிலும் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கமாகப் பூட்டப்பட்டிருக்கும். காரில் திரும்பும்போது வெளிச் சக்கரம் கூடுதலாகச் சுழலும், உள் சக்கரம் குறைவாகச் சுழலும். இதில் இரண்டும் ஒரே அளவில்தான் சுழலும். அதனால் ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். ஓட்டுபவர் தன் உடலை வளைவின் உள்பக்கம் சாய்த்து எடையை மாற்றினால்தான் அது ஒழுங்காகத் திரும்பும். வண்டியை விட உடல் மிகச் சிறியதாக இருந்தால், பிள்ளை எவ்வளவு சாய்ந்தாலும் வண்டிக்கு அது உறைக்காது. பெரிய வண்டி வாங்குவதில் உள்ள ஆபத்து இதுதான்.

எந்த வயதுக்கு எந்த வண்டி?

அமெரிக்கத் தர விதிப்படி, சிறுவர் வண்டிகளில் குறைந்தபட்ச வயதைக் காட்டும் முத்திரை இருக்கும். 6 வயது முதல் ஓட்டக்கூடிய வண்டி மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதையும் 16 கிலோமீட்டராகக் குறைத்துவைக்கும் வசதி இருக்க வேண்டும். 10 வயது முதல் ஓட்டக்கூடிய வண்டிக்கு உச்ச வரம்பு 48 கிலோமீட்டர், குறைத்து வைத்தால் 24. இந்த வேகக் கட்டுப்பாட்டைச் சரிசெய்வது பெற்றோரின் கையில் இருக்கட்டும், பிள்ளையின் கையில் வேண்டாம்.

முத்திரையில் உள்ள வயது, "இதற்குக் கீழே கூடாது" என்று மட்டுமே சொல்கிறது. அந்த வயதை எட்டிய எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த வண்டி பொருந்தும் என்று அர்த்தமில்லை. முத்திரையே இல்லாத மலிவு வண்டிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

வாங்குமுன் பிள்ளையை ஏற்றிப் பாருங்கள்

இயந்திரத்தை முடுக்காமல், பிள்ளையை வண்டியில் ஏற்றிப் பாருங்கள். கால் மிதியில் எழுந்து நிற்கும்போது, இருக்கைக்கும் கால் கவட்டுக்கும் இடையில் 8 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். உட்கார்ந்தால் தொடை ஏறக்குறைய தரைக்கு இணையாக இருக்க வேண்டும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பும்போது உடல் முன்னே இழுபடக்கூடாது. விரல்கள் பிரேக்கை எளிதில் எட்ட வேண்டும். கால் பிரேக் உள்ள வண்டியானால், பாதம் அதை முழுதாக அழுத்த வேண்டும். வேகத்தைக் கூட்டும் விசை வலது கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும். கைப்பிடியை விடாமல் அதை அழுத்தவும் விடவும் முடிகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அந்த வண்டி வேண்டாம்.

இன்னொன்றும் அவசியம். பிள்ளையின் உடையோடும் வண்டியோடும் இணையும் பாதுகாப்புக் கயிறு இருக்க வேண்டும். பிள்ளை கீழே விழுந்தால் கயிறு கழன்று இயந்திரம் நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் அதை மாட்டிய பிறகே வண்டியை முடுக்க வேண்டும்.

பந்தயத்துக்கு முன்னே பயிற்சி

சைக்கிளை நன்றாக ஓட்டத் தெரியாத பிள்ளையை இதில் ஏற்றுவதில் அவசரம் காட்டாதீர்கள். முதல் நாள் முழுக்க புறப்படுவது, நிறுத்துவது, இவ்வளவே போதும். நீங்கள் கையைத் தூக்கியதும் வண்டி நிற்க வேண்டும். அது பழகியபின் நடை வேகத்தில் எட்டு வடிவம் போடச் சொல்லுங்கள். உடலைச் சாய்த்துத் திரும்பும் கலை அதில்தான் வரும். பிறகு மேடு பள்ளம், எழுந்து நின்று ஓட்டுவது. மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து ஓட்டுவது கடைசிப் பாடம்.

கொடிகளை வீட்டிலேயே விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கலாம். மஞ்சள் அசைந்தால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, யாரையும் முந்தாதே. சிவப்பு என்றால் பந்தயம் நிறுத்தப்பட்டது. கறுப்பு வெள்ளைக் கட்டக் கொடி முடிவு. கொடியைப் பார்த்ததும் யோசிக்காமல் செய்யும் பிள்ளைதான் பந்தயத்துக்குத் தயார்.

இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். தம்பியோ தங்கையோ பின்னால் ஏறக்கூடாது. ஒருவருக்கான வண்டியில் இன்னொருவர் ஏறினால், எடையை மாற்றி ஓட்டவே முடியாது. அதேபோல், "முன்னால் இருக்கும் கடை வரைக்கும்தானே" என்று தாமான் சாலையில் விடக்கூடாது. மண்ணுக்கென்று செய்த அந்த டயர்கள் தார்ச்சாலையில் வேறு மாதிரி பிடிக்கும், வண்டி சட்டென்று கவிழும்.

செலவு எங்கே போகிறது?

வண்டியின் விலை தொடக்கம்தான். டயர், செயின், எண்ணெய், வண்டியை ஏற்றிப் போகும் வாகனம் என்று மாதாமாதம் செலவு இருக்கும். முழு முகத் தலைக்கவசம், கண்ணாடி, கையுறை, மார்புக் கவசம், கணுக்காலுக்கு மேல் வரும் காலணி எல்லாம் வேண்டும். காலணியையும் மார்புக் கவசத்தையும் பழையதாக வாங்கலாம். தலைக்கவசத்தை மட்டும் புதிதாகவே வாங்குங்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே சேதமாகியிருக்கலாம். இதிலும் "வளர்கிற பிள்ளை" கணக்கு கூடாது. தலையை ஆட்டும்போது ஆடும் கவசம் விழும்போது காக்காது.

போட்டிக்குப் போகுமுன்

மலேசியாவில் மோட்டார் பந்தயங்களைக் கவனிக்கும் அமைப்பு, எம்ஏஎம் எனப்படும் மலேசிய மோட்டார் விளையாட்டுச் சங்கம். அனைத்துலக அமைப்புகளான எஃப்ஐஏ, எஃப்ஐஎம் இரண்டிலும் நாட்டின் சார்பில் உறுப்பியம் பெற்றது. ஏதாவது ஒரு போட்டியில் பெயர் கொடுக்குமுன், அது எம்ஏஎம் அனுமதி பெற்றதா என்று கேளுங்கள். ஆம்புலன்ஸ் திடலிலேயே நிற்குமா, வளைவுகளில் கொடி அதிகாரிகள் இருப்பார்களா, சிறுவர்களைப் பெரியவர்களோடு கலந்து ஓடவிடுவார்களா என்றும் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நல்ல ஏற்பாட்டாளர் பதில் சொல்வார்.

காத்திருக்கலாமா?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகத்தின் நிலை கண்டிப்பானது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் ஏடிவி ஓட்டவே வேண்டாம் என்கிறது அது. ஆபத்தைக் கண நேரத்தில் எடைபோடும் பக்குவமும், கனமான வண்டியை அடக்கும் பலமும் அந்த வயதுக்கு முன் போதாது என்பது அவர்கள் வாதம். சிறுவர் பந்தயம் நடத்துபவர்களோ, சரியான அளவு வண்டியும் பயிற்சியும் மூடிய தடமும் இருந்தால் முடியும் என்கிறார்கள். இரண்டையும் எடைபோட்டு முடிவெடுக்க வேண்டியவர்கள் அம்மாவும் அப்பாவும்தான். ஒருவருக்குச் சம்மதமில்லை என்றால் தொடங்காமல் இருப்பதே நல்லது.

காத்திருக்க முடிவு செய்தால் பிள்ளையின் ஆசை வீணாகிவிடாது. சைக்கிள் பந்தயம் சமநிலையையும் துணிச்சலையும் தரும். தரையோடு ஒட்டி ஓடும் கோ-கார்ட் எளிதில் கவிழாது. வளைவில் எங்கே வேகத்தைக் குறைப்பது, எங்கே கூட்டுவது என்பதை அதிலேயே கற்றுக்கொள்ளலாம். உலகின் முன்னணிப் பந்தய வீரர்கள் பலரும் கோ-கார்ட்டில் தொடங்கியவர்கள்தான்.

தொடங்குவது என்றே முடிவு செய்தால், ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் வீடு திரும்பும் வழியில், "எத்தனையாவதாக வந்தாய்?" என்று கேட்காதீர்கள். "எங்கே பயமாக இருந்தது?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் பதிலை வைத்து அடுத்த வாரம் எதைப் பழக வேண்டும் என்று முடிவு செய்யலாம். "போதும்ப்பா, எனக்கு வேண்டாம்" என்று ஒருநாள் சொன்னால், வண்டிக்குப் போட்ட பணத்தை நினைத்து வற்புறுத்தாதீர்கள். அளவு சரியான வண்டியை வாங்க இன்னொரு வீட்டில் இன்னொரு பிள்ளை இருக்கும்.