இரண்டு குச்சி, ஒரு பூமி!

பள்ளி மைதானத்தில் ஒரு குச்சியை நட்டு, அதன் நிழலை வைத்தே பூமியின் சுற்றளவைக் கண்டுபிடிக்கலாம் என்றால் நம்புவீர்களா? ஆனால், ஒரு நிபந்தனை. உங்கள் பள்ளி மட்டும் போதாது. வெகுதொலைவில் இன்னொரு பள்ளி உங்களுக்கு நண்பனாக வேண்டும்!

இது 2,200 ஆண்டுகளுக்கு முந்தைய யுக்தி. எகிப்தின் அலெக்சாண்டிரியா நகர நூலகத்தின் தலைவராக இருந்தவர், எரடோஸ்தனிஸ். தெற்கே சியீன் என்ற ஊரில் (இன்றைய அஸ்வான்), ஆண்டின் மிக நீண்ட பகலன்று, உச்சி வெயில் கிணற்றின் அடிவரை நேராக இறங்கும் என்று அவர் அறிந்திருந்தார். அதே நாளில் அலெக்சாண்டிரியாவில் நிழல் விழுந்தது! அந்தச் சாய்வு, ஒரு வட்டத்தில் 50-ல் ஒரு பங்கு. அப்படியானால், இரண்டு ஊர்களுக்கும் நடுவே உள்ள தூரமும் பூமியின் சுற்றளவில் 50-ல் ஒரு பங்குதானே? தூரத்தை 50 ஆல் பெருக்கினார், விடை கிடைத்துவிட்டது.

பிரான்ஸ் நாட்டில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜார்ஜ் ஷார்பாக் முன்னின்று 1996-ல் தொடங்கிய அறிவியல் கல்வி இயக்கம் ஒன்று உண்டு. அதன் பெயருக்கு, 'மாவில் கை வை' என்று பொருள். (நல்ல பெயர்! பிசையாமல் ரொட்டி வருமா?) அந்த இயக்கம் 2000-ம் ஆண்டில், எரடோஸ்தனிஸ் செய்ததைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடமே கொடுத்தது. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு நாடுகளில் உள்ள பிள்ளைகள் நிழலை அளந்து, இணையம் வழியாக எண்களைப் பரிமாறிக்கொண்டனர். கணினி பூமியை அளக்கவில்லை. அது தபால்காரர் வேலையை மட்டுமே பார்த்தது.

நாமும் செய்யலாமா? வரைபடத்தைப் பாருங்கள். கன்னியாகுமரிக்கு ஏறக்குறைய நேர் வடக்கே இருக்கிறது, டெல்லி! மார்ச் 21 அல்லது செப்டம்பர் 23 வாக்கில், இரண்டு ஊரிலும் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நடுங்கள். 12:00 மணியிலிருந்து 12:45 வரை, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புள்ளி வையுங்கள். மிகக் குட்டையான நிழல்தான் நமக்கு வேண்டும். கடிகாரத்தில் 12 அடிக்கும்போது சூரியன் அங்கே உச்சிக்கு வந்திருக்காது. நம் கடிகார நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. இந்த ஊர்களோ அதற்கு மேற்கே இருக்கின்றன. சூரியனை மட்டும் நேராகப் பார்க்கக் கூடாது!

கன்னியாகுமரியில் நிழல் சுமார் 14 செ.மீ. இருக்கும். டெல்லியில் 54 செ.மீ.க்குச் சற்று அதிகம். குச்சியையும் நிழலையும் பத்தில் ஒரு பங்காக்கித் தாளில் வரைந்து, நுனிகளை இணைத்து, குச்சிக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையே உள்ள கோணத்தைக் கோணமானியால் அளந்தால் 8.1 டிகிரியும் 28.6 டிகிரியும் வரும். வித்தியாசம் 20.5. வட்டத்துக்கு 360 டிகிரி. 360 ÷ 20.5 = 17.56. ஊர்களுக்கு இடையே நேர்கோட்டுத் தூரம் சுமார் 2,275 கி.மீ. (ரயில் தூரத்தை எடுக்காதீர்கள், அது வளைந்து வளைந்து போகும்!) பெருக்கினால் 39,949 கி.மீ.! துருவங்கள் வழியாகப் பூமியின் உண்மையான சுற்றளவு சுமார் 40,008 கி.மீ.

இங்கே ஒரு விஷயம். உங்கள் 14 செ.மீ. தனியாக எதையும் சொல்லாது. டெல்லி நண்பனின் எண்ணுக்கும் அதே கதைதான். அவன் அளந்ததை நீங்கள் நம்ப வேண்டும். நீங்கள் அளந்ததை அவன் நம்ப வேண்டும். கன்னியாகுமரியில் ஒரு சென்டிமீட்டர் கூட்டி எழுதினால், பூமி ஆயிரம் கி.மீ. பெருத்துவிடும்! புத்தகத்தைப் பார்த்து விடைக்கு ஏற்றபடி நிழலை 'சரிசெய்து' அனுப்பும் கெட்டிக்காரர்களும் உண்டு. அவர்கள் அளந்தது பூமியை அல்ல.

டெல்லியிலிருந்து, 'இன்று ஒரே மேகம், நிழலே இல்லை' என்று பதில் வந்தால் வருத்தம் வேண்டாம். அடுத்த சில நாட்களுக்குள், இரண்டு ஊரிலும் வெயில் அடிக்கும் இன்னொரு நாளைப் பேசி முடிவு செய்யுங்கள். இருவரும் ஒரே நாளில் அளக்க வேண்டும், அவ்வளவுதான்.