மூன்றிலொரு வினாடி!
1991 பிப்ரவரி 25, இரவு. சவூதி அரேபியாவின் தாரானில், கிடங்கைப் பாசறையாக்கித் தங்கியிருந்த அமெரிக்கப் படையினர் மீது ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை வீழ்ந்தது. மாண்டோர் 28 பேர். அவர்களில் 13 பேர் யார் தெரியுமா, தோழர்களே? படைக்குக் குடிநீர் சுத்தம் செய்ய வந்த பிரிவினர்!

காவலுக்கு நின்ற பேட்ரியாட் உறங்கிவிட்டதா? இல்லை. 100 மணி நேரத்துக்கும் மேலாக ஓயாமல் விழித்திருந்ததே வினை! அதன் கணிப்பொறி, காலத்தை வினாடியின் பத்திலொரு பங்காக எண்ணும். அப்பங்கை 24 பிட்டுக்குள் அடைத்தபோது ஒரு துளி வெட்டுண்டது. துளி பெருகி 0.34 வினாடி ஆயிற்று. ஸ்கட்டின் வேகத்துக்கு அது 600 மீட்டருக்கும் மேல்! கருவி வெற்றுவானைத் தேடியது, எதுவுமில்லையென்று வாளாவிருந்தது.

அறியாப் பிழையா இது? எட்டு மணி நேரம் ஓடினாலே குறி பிசகுகிறதென்று இஸ்ரேலியர் பிப்ரவரி 11ஆம் நாளே சொல்லியிருந்தனர். அவ்வளவு நேரம் யார் ஓட்டப் போகிறார்கள் என்பது அதிகாரிகளின் நினைப்பு! 'மிக நீண்ட நேரம்' ஓட்டினால் குறி தவறும் என்று செய்தி அனுப்பினர். எத்தனை மணி நேரம் என்று எழுதினார்களில்லை. அணைத்து மீண்டும் இயக்கினால் கடிகாரம் நேராகும். ஓரிரு நிமிட வேலை. கருவியருகே நின்றவனுக்கு அதைச் சொல்வாரில்லை.

திருத்திய நிரல் தாரானுக்கு வந்து சேர்ந்தது, பிப்ரவரி 26ஆம் நாள்.