டிராக்டரின் முன் அச்சுக்குப் பூட்டு தேவையா?

மழை ஈரத்தில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிரெய்லரை இழுக்கும்போது, டிராக்டரின் ஒரு சக்கரம் வழுக்கிச் சுழல, மறு சக்கரம் நின்றுவிடுவதை ஆட்டையாம்பட்டி வட்டார விவசாயிகள் அறிவர். திருப்பத்தில் வெளிச்சக்கரம் கூடுதலாகச் சுற்ற உதவும் டிபரன்சியலே இதற்குக் காரணம். டிபரன்சியல் லாக் எனப்படும் பூட்டைப் போட்டால் இரு சக்கரங்களும் ஒன்றாகச் சுழலும், வண்டி மீளும்.

பெரும்பாலான டிராக்டர்களில் பின் அச்சுக்கு இப்பூட்டு உண்டு. நான்கு சக்கரமும் இழுக்கும் டிராக்டர் வாங்குவோர் முன் அச்சுக்கும் பூட்டு வேண்டுமா என்று கேட்கிறார்கள். முன் அச்சைப் பூட்டினால் ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி நேரே செல்லவே பார்க்கும். அச்சும் பல்சக்கரங்களும் பழுதாகும். அடிக்கடி திருப்ப வேண்டிய சிறு வயல்களுக்குப் பின் பூட்டே போதும். அதற்காகும் பணத்தில் தேய்ந்த டயரை மாற்றலாம். முன்புற எடைக்கட்டிகள் வாங்கலாம்.

சேற்றுப் பாதையில் அடிக்கடி பாரம் இழுப்போர், வழுக்கும்போது மட்டும் தானே பிடித்து, மற்ற நேரம் விட்டுக்கொடுக்கும் வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

எந்தப் பூட்டானாலும் சக்கரம் வேகமாகச் சுழலும்போது போடக்கூடாது. வேகத்தைக் குறைத்து, நேராகச் செல்லும்போது போட வேண்டும். திருப்பத்துக்கு முன் மறவாமல் விடுவிக்க வேண்டும். தார்ச்சாலையில் அறவே கூடாது.