முக்காடும் தலைப்பாகையும்

வன்னிப் பெருநிலத்து வயல் வரம்பிலே வெயில் ஏறும் வேளையில் நின்று பார்ப்போமாயின், தலையிலே துணியில்லாத மனிதரைக் காண்பது அரிது. கமக்காரன் தலைப்பாகை கட்டியிருப்பான். களை பிடுங்கும் பெண்கள் தலையைத் துணியாற் சுற்றியிருப்பர். வெயிலைத் தவிர அதற்கு வேறு காரணமில்லை. அதே கமக்காரன் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் வாயிலை அடைந்ததும், தலைத்துணியை அவிழ்த்து இடையிற் கட்டிக்கொள்கிறான். தெய்வத்தின் முன்னே தலையை மூடி நிற்க அவன் மனம் ஒப்புவதில்லை.

சில நாட்களுக்கு முன் எமது வகுப்பிலே மாணவன் ஒருவன் வினவினான்: "கோயிலிலே நாங்கள் தலைத்துணியை எடுக்கிறோம். முஸ்லிம் பிள்ளைகள் மட்டும் ஏன் எந்நேரமும் பர்தா அணிகிறார்கள்?" வினாவிலே குறும்பில்லை. ஆயினும், முன்வாங்கில் இருந்த மாணவி தலைகுனிந்தாள். அத்தலைகுனிவே இதனை எழுத எம்மைத் தூண்டிற்று.

திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயத்திலே, பெண்கள் தம் முக்காட்டினால் மார்பை மறைத்துக்கொள்ளுமாறு 31ஆம் வசனம் கூறுகிறது. அதற்கு முந்திய வசனமோ, ஆண்கள் தம் பார்வையைத் தாழ்த்த வேண்டும் என்கிறது. முதற் கட்டளை ஆணுக்கே என்பதை நாம் மறத்தலாகாது. கிறிஸ்தவரிடையேயும் இவ்வழக்கம் உண்டு. பெண்கள் ஆலயத்திலே தலையை மூட வேண்டுமென 1917ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு விதித்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அவ்விதி இல்லை. ஒருவர் மூடிப் பணிகிறார். மற்றவர் திறந்து பணிகிறார். பணிவு ஒன்றே.

ஆயின், எல்லா முக்காடும் பணிவின் அடையாளந்தானா? எம் சமயத்தவருட் சிலரிடையே கைம்பெண்ணுக்கு முக்காடு விதித்த காலம் இருந்தது. அது சமூகம் இட்ட தண்டனை. ஈரானிலே 2022ஆம் ஆண்டு, முக்காட்டு விதியை மீறினாள் எனப் பிடிக்கப்பட்ட மாஷா அமினி என்னும் 22 வயதுப் பெண் காவலில் இருக்கையில் உயிரிழந்தாள். பிரான்சிலோ 2004ஆம் ஆண்டுச் சட்டம் அரசினர் பாடசாலைகளில் முக்காட்டை விலக்கிற்று. ஓரிடத்தில் அணியென்னும் கட்டாயம். மற்றோரிடத்தில் அகற்றென்னும் கட்டாயம். இரண்டிலும் அணிபவளின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை.

எமது நாட்டின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஒவ்வொருவருக்கும் சமய சுதந்திரத்தை அளிக்கிறது. 2019 ஏப்பிரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின் பிறந்த அவசரகால விதியும் முகத்தை மூடுவதையே தடுத்தது. முகந்தெரிய அணியும் முக்காட்டையன்று. அதற்கு முந்திய ஆண்டிலேயே திருகோணமலையில், எம் சமயப் பெயர் தாங்கிய மகளிர் கல்லூரியொன்றிலே, முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிவதை எதிர்த்து ஆர்ப்பாட்டம் நிகழ்ந்தது. அதனை எண்ணுங்கால் எமக்கு இரு நினைவுகள் எழுகின்றன.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். முல்லைத்தீவின் தண்ணீரூற்று மக்களும் வீட்டையும் வயலையும் விட்டுச் சென்றனர். 2009ஆம் ஆண்டுப் போர்முடிவின் பின்னரே பலர் மீளத் தொடங்கினர். அவர்தம் பிள்ளைகளை வகுப்பறையிலே மீண்டும் அந்நியராக்குவது அறமாகாது.

மற்றையது எம்முடைய நினைவு. 1983 யூலையிலே கொழும்பில் தமிழ்ப் பெண்கள் பலர் நெற்றிப் பொட்டை அழித்துவிட்டே வீதியில் நடந்தனர். பொட்டு உயிருக்கு ஆபத்தான நாட்கள் அவை. அந்த அச்சத்தை அறிந்த நாம், இன்னொருத்தியின் தலைத்துணியை ஐயத்தோடு நோக்கலாமா?

மாணவனுக்கு நாம் கூறிய விடை இதுவே: "உன் தலைத்துணியை நீயே அவிழ்க்கிறாய், பிறர் பறித்தாற் பொறுப்பாயா? அவளுடைய துணியும் அத்தகையதே. அணிவதோ அகற்றுவதோ அவள் விருப்பம்."

முன்வாங்கு மாணவி நிமிர்ந்து எம்மை நோக்கினாள். பெற்றோரும் தத்தம் வீடுகளில் இவ்விடையைப் பிள்ளைகளுக்குக் கூறுவாராயின், வகுப்பறையிலே எந்தப் பிள்ளையும் தலைகுனிய நேராது என்பது எம் துணிபு.