லாரித் தண்ணீரும் நின்ற மோட்டாரும்

1990ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்று வெளியானது. ஏழு நாடுகளைச் சேர்ந்த 271 ஆரோக்கியமான ஆண்கள் வாரம் ஓர் ஊசி போட்டுக்கொண்டார்கள். அது ஆண்களுக்கான கருத்தடை ஊசி. ஆறு மாதத்துக்குள் 157 பேரின் விந்தில் ஓர் உயிரணுகூட இல்லாமல் போனது. பிறகு ஓராண்டு, வேறு தடுப்பு எதுவுமின்றி இந்த ஊசியை மட்டும் நம்பியிருந்த தம்பதிகளிடையே ஒரே ஒரு கருதான் தரித்தது. ஊசியில் இருந்த மருந்து டெஸ்டோஸ்டிரோன், 200 மில்லிகிராம். மீசை முளைக்கவும் குரல் உடையவும் ஆசை கிளரவும் காரணமான அதே ஆண் ஹார்மோன்!

இதே மருந்தைத்தான் அந்த ஹார்மோன் குறைந்துபோன ஆண்களுக்கு மாற்று சிகிச்சையாகத் தருகிறார்கள், ஊசியாகவோ தோலில் தடவும் ஜெல்லாகவோ. பலருக்கு ஆசை திரும்புகிறது, சோர்வு விலகுகிறது. ஆனால் சில மாதங்களில் விரைகள் சிறுத்திருப்பது தெரிகிறது. குழந்தைக்காகக் காத்திருப்பவரின் பரிசோதனைத் தாளில் விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் என்றுகூட வரலாம். ஆண்மைக்காக எடுத்த மருந்து, அப்பா ஆவதற்குக் குறுக்கே நிற்பது எப்படி?

மொட்டைமாடித் தொட்டியில் மிதக்கும் பந்தை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிறைந்தால் பந்து மேலே வரும், மோட்டார் நின்றுவிடும். வந்தது சொந்தக் கிணற்று நீரா, லாரியில் வந்த நீரா என்று பந்துக்குத் தெரியாது. உடலில் அந்தப் பந்து, மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ். ரத்தத்தில் ஹார்மோன் குறைந்தால் அது விட்டுவிட்டுத் துடிப்பாகச் செய்தி அனுப்பும். கீழேயுள்ள பிட்யூட்டரி சுரப்பிதான் மோட்டார். அது எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடும். எல்.எச். விரையிலுள்ள லேடிக் செல்களைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோன் சுரக்க வைக்கும். எஃப்.எஸ்.எச்., விந்தணுக்களை ஊட்டி வளர்க்கும் செர்டோலி செல்களைத் தட்டியெழுப்பும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்து சேர்ந்ததும் 'தொட்டி நிறைந்தது' என்று மூளை முடிவுகட்டுகிறது. இரண்டு ஹார்மோன்களும் அடங்கிப்போகின்றன.

ரத்தத்தில்தான் மருந்து நிறைய ஓடுகிறதே, அது விந்தணுவுக்குப் போதாதா? போதாது. தாகத்துக்கு ஒரு சொம்புத் தண்ணீர் போதும். நெல்லுக்கு வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். விரைக்குள் டெஸ்டோஸ்டிரோனின் செறிவு, ரத்தத்தில் இருப்பதைப்போலப் பல பத்து மடங்கு. அங்கேயே சுரந்தால்தான் அந்த அளவு கிட்டும். ரத்தத்தின் வழியே வருவது தசைக்கும் ஆசைக்கும் எட்டும். விந்தணு விளையும் வயல் காய்ந்துவிடும். விரையின் பருமனில் பெரும்பங்கு விந்தணு உருவாகும் நுண்குழல்கள்தான் என்பதால், வேலை நின்றதும் அதுவும் சுருங்குகிறது.

பெரும்பாலும் இது மீளக்கூடியது. கருத்தடைக்காக ஹார்மோன் எடுத்த 1,549 ஆண்களின் தரவுகளைத் தொகுத்து 2006இல் வெளியான ஆய்வில், நிறுத்திய ஆறு மாதத்துக்குள் 67 சதவீதம் பேருக்கும் ஓராண்டுக்குள் 90 சதவீதம் பேருக்கும் விந்தணு எண்ணிக்கை மீண்டது. ஆனால் அவர்கள் முதலிலேயே நலமாக இருந்தவர்கள். குறைபாட்டோடு சிகிச்சைக்கு வருபவர் அதே கணக்கை அப்படியே நம்ப முடியாது. அதனால்தான் விரைவில் குழந்தை வேண்டும் என்பவருக்கு டெஸ்டோஸ்டிரோனைத் தொடங்கக் கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள். பின்னாளில் வேண்டும் என்பவர் முன்கூட்டியே விந்தை உறையவைத்துச் சேமிக்கலாம்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு மாற்றுவழி வந்த இடம் வியப்பானது: கர்ப்பிணியின் உடல். கர்ப்பப் பரிசோதனை அட்டையில் இரண்டாவது கோட்டை வரவைக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன், எல்.எச். நுழையும் அதே பூட்டில் பொருந்தும் சாவி. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், டெஸ்டோஸ்டிரோன் ஊசி மட்டும் போட்டவர்களுக்கு விரைக்குள் ஹார்மோன் 94 சதவீதம் சரிந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் 250 அலகு எச்.சி.ஜி. சேர்த்துப் போட்டவர்களுக்குச் சரிவு 7 சதவீதம்தான். மூளை மௌனமாக இருக்கையில், கருவைக் காக்க உடல் வைத்திருக்கும் ஹார்மோன் விரையை விழித்திருக்க வைக்கிறது.

இன்னொரு வியப்பு பெண் ஹார்மோன் எனப்படும் ஈஸ்ட்ரோஜன். ஆண் உடலிலும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரடையோல் என்ற ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. மார்பு வீங்கிவிடுமோ என்று பயந்து, சிலர் அந்த மாற்றத்தைத் தடுக்கும் மாத்திரையைத் தாமாகவே விழுங்குகிறார்கள். 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த மாற்றத்தைத் தடுத்துப் பார்த்தபோது, டெஸ்டோஸ்டிரோன் இருந்தும் ஆண்களின் ஆசையும் விறைப்பும் குன்றின. ஆணின் ஆசைக்கு அந்தப் 'பெண்' ஹார்மோனும் வேண்டியிருக்கிறது.

ஆசை ஏறி இறங்குவதற்கு ஊசியின் இடைவெளியும் காரணமாகலாம். போட்ட சில நாளில் உச்சம், அடுத்த ஊசிக்கு முன்பு பள்ளம். அளவைப் பிரித்து அடிக்கடி போடுவதோ ஜெல்லுக்கு மாறுவதோ மேடுபள்ளத்தைச் சமன்செய்யும். ஜெல் தடவிய இடத்தை மூடாமல் குழந்தையைத் தூக்கினால் மருந்து அதன் தோலுக்கும் போய்விடும், கவனம் தேவை. மருந்து சரியாக இருந்தும் விறைப்பு வரவில்லையென்றால் ரத்தக்குழாயையும் நரம்பையும் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் அங்கேதான் கைவைக்கிறது.

இவ்வளவும் ஊசி போட்ட பிறகு வரும் கேள்விகள். போடுவதற்கு முன்பே பதில் தெரிய வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கோளாறு எங்கே? காலையில் எடுத்த இரண்டு ரத்தப் பரிசோதனைகளிலும் டெஸ்டோஸ்டிரோன் குறைவென்றால், எல்.எச். அளவைப் பார்ப்பார்கள். அது உயர்ந்திருந்தால், மோட்டார் ஓய்வின்றி ஓடியும் கிணற்றில் நீரில்லை; விரையிலேயே கோளாறு. எல்.எச்.சும் குறைந்திருந்தால் கிணறு நன்றாக இருக்கலாம், மோட்டாரோ பந்தோதான் சரியில்லை. அப்படிப்பட்டவருக்கு எச்.சி.ஜி.யோ, மூளை ஈஸ்ட்ரோஜனை உணராதபடி மறைத்து, தொட்டி காலியென்று அதை நினைக்கவைத்து மோட்டாரை ஓடவைக்கும் குளோமிஃபீனோ பொருந்துமா என்று மருத்துவர் யோசிக்க முடியும். சொந்தக் கிணற்றில் நீர் ஊறும்போது லாரிக்குச் சொல்லியனுப்பினால், நிற்பது நல்ல மோட்டார்தான்.